கேட்டவர் கடமை

ஒருவர் தம் உள்ளத்தைத் திறந்து நம்மிடம் பேசிவிட்டுப் போகிறார். கேட்டுக்கொண்ட நாம் அதன்பின் யாருக்குக் கடமைப்பட்டவர்கள்? நம்பிச் சொன்னவருக்கா? அவர் சொன்னதிலிருந்து யாருக்குத் தீங்கு வருமோ என்று நாம் அஞ்சுகிறோமோ, அந்த மூன்றாம் மனிதருக்கா? அறநெறி இறையியலில் இது பழைய கேள்வி. அதை அண்மையில் எனக்குள் மீண்டும் கிளறிவிட்டவை இறையியல் நூல்கள் அல்ல. எட்டுத் துப்பறியும் நாவல்கள்.

நிக்கி ஃபிரெஞ்ச் என்ற பெயரில் எழுதுவது ஒருவர் அல்லர், இருவர். நிக்கி ஜெரார்ட், ஷான் ஃபிரெஞ்ச் என்னும் இங்கிலாந்துத் தம்பதியர் சேர்ந்து எழுதும் புனைபெயர் அது. 2011இல் 'ப்ளூ மண்டே' என்னும் நாவலோடு தொடங்கி, வார நாள்களை ஒவ்வொன்றாகத் தலைப்பில் வைத்துச் சென்று, 2018இல் 'டே ஆஃப் த டெட்' என்னும் எட்டாம் நாவலோடு இவ்வரிசையை முடித்தார்கள். கதைத் தலைவி ஃபிரீடா கிளைன் இலண்டனில் வாழும் உளச்சிகிச்சையாளர். உறக்கம் வராத இரவுகளில் நகரின் தெருக்களிலும், மண்ணுக்கடியில் மறைந்து ஓடும் பழைய ஆறுகளின் தடங்களிலும் தனியாக நடப்பவர். இலண்டனில் செவிலியராகப் பணிபுரியும் என் தங்கை மகள் விடுமுறைக்கு வந்தபோது இந்நூல்களை என் மேசைமேல் வைத்துவிட்டுப் போனாள். "மாமா, அந்தம்மாவ எனக்குப் பிடிக்கவே இல்ல. ஆனா கடைசிப் புத்தகம் வரைக்கும் கீழ வைக்க முடியல" என்பது அவள் அளித்த மதிப்புரை.

வாசகர் பலருடைய கருத்தும் ஏறத்தாழ இதுவே. இலண்டனைக் காட்டும் விதத்தைப் புகழ்கிறார்கள். ஒரே கொடியவனின் நிழலை எட்டு நூல்களிலும் நீட்டியது மிகை என்கிறார்கள். காவல்துறை ஒரு சிகிச்சையாளரை இத்தனை வழக்குகளுக்குள் விடுமா என்று வினவுகிறார்கள். கடைசி இரண்டு குறைகளில் உண்மை உண்டு. புனைகதை எடுத்துக்கொள்ளும் உரிமை என்று அவற்றைக் கடந்துவிடலாம். ஃபிரீடா 'குளிர்ந்தவள்', யாருக்கும் தன்னைத் திறவாதவள், ஆனால் பிறர் வாழ்வில் மட்டும் தலையிடுகிறவள் என்ற குறை மட்டும் அவ்வாறு கடந்துவிடக் கூடியதன்று.

அந்தக் குளிர்ச்சியைக் குணக்கேடாகக் கொள்ள என்னால் இயலவில்லை. கேட்பதைத் தொழிலாகக் கொண்டவர் முகத்தில் வியப்போ, அருவருப்போ, ஆறுதலின் அவசரமோ தோன்றலாகாது. தோன்றினால் பேசுகிறவர் அந்த முகத்திற்கேற்பத் தம் கதையைத் திருத்தத் தொடங்கிவிடுவார். குருமடத்தில் எங்களுக்கும் இதையே கற்பித்தார்கள். உருகி அழும் சிகிச்சையாளரை நாவலில் விரும்பும் வாசகர்கூடத் தம் துயரத்தைச் சொல்லப் போகும்போது அத்தகையவரைத் தேடமாட்டார்.

ஆனால், அவ்வளவு அடக்கமாகக் கேட்டதை அவர் வெளியே கொண்டுபோகிறாரே! கதையின் முடிச்சை அறிய விரும்பாதவர்கள் அடுத்த பத்தியைத் தாண்டிச் செல்லலாம்.

முதல் நாவலில் ஆலன் டெக்கர் என்னும் நோயாளி ஃபிரீடாவிடம் வருகிறார். தமக்கென ஒரு மகன் வேண்டும், செந்நிற முடியோடு தம் சாயலிலேயே இருக்கவேண்டும் என்ற ஏக்கம் அவரை வதைக்கிறது. அதே வேளையில் அத்தகைய தோற்றமுடைய ஐந்து வயதுச் சிறுவன் ஒருவன் காணாமற்போகிறான். ஆலன் குற்றம் எதையும் ஒப்புக்கொள்ளவில்லை, ஏக்கத்தைத்தான் சொன்னார். சான்றும் இல்லை. ஃபிரீடா தயங்குகிறார், பின்பு காவல்துறையிடம் போகிறார். ஆலன் குற்றமற்றவர். ஆனால் அவரே அறியாத இரட்டைச் சகோதரன் ஒருவன் இருக்கிறான், குற்றவாளி அவன்தான். சிறுவன் உயிரோடு மீட்கப்படுகிறான். இரட்டையரைப் பற்றி ஃபிரீடா ஒரு பேராசிரியரிடம் விசாரித்திருந்தார். அதை ஆய்வுக்கு வாய்ப்பாகக் கண்ட அவர் தம் உதவியாளரான இளம்பெண்ணை அவ்வீடுகளுக்கு அனுப்ப, அப்பெண் திரும்பவே இல்லை. ஆசிரியர்கள் இந்தக் கணக்கைத் தீர்த்துவைப்பதில்லை. வாய் திறந்ததால் ஒரு குழந்தை பிழைத்தது. வாய் திறந்ததால் ஓர் இளம்பெண் அழிந்தாள்.

நீதிமன்றங்களும் இதனோடு போராடியிருக்கின்றன. ஐவரைச் சுட்டுக்கொன்று இங்கிலாந்தின் காப்பு மருத்துவமனை ஒன்றில் வைக்கப்பட்டிருந்த ஒருவர், இடமாற்றம் கோரும் தம் மனுவுக்குத் துணையாக எக்டெல் என்னும் மனநல மருத்துவரின் அறிக்கையைத் தம் வழக்கறிஞர் வழியாகக் கேட்டுப் பெற்றார். வெடிகுண்டுகள்மேல் அவருக்கிருந்த நாட்டத்தை மருத்துவர் அதில் எழுதியதால் மனு திரும்பப் பெறப்பட்டது. அறிக்கை அதோடு புதைந்துபோவதை மருத்துவர் ஏற்கவில்லை. நோயாளியின் ஒப்புதலின்றி மருத்துவமனைக்கு அனுப்பினார். பொதுமக்களின் பாதுகாப்பு கருதி அவர் செய்தது முறையே என்று 1989இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

அமெரிக்காவின் கலிபோர்னியாவில் நடந்தது இதனினும் கொடிது. இந்தியாவிலிருந்து படிக்கச் சென்ற மாணவர் ஒருவர், தம் காதலை ஏற்காத டாடியானா டாரசாஃப் என்னும் மாணவியைக் கொல்லும் எண்ணத்தை 1969இல் தம் உளவியலாளரிடம் வெளியிட்டார். உளவியலாளர் பல்கலைக்கழகக் காவலர்க்குத் தெரிவித்தார். அவர்கள் அம்மாணவரைப் பிடித்து, தெளிவாகப் பேசுகிறாரே என்று விட்டுவிட்டார்கள். அப்பெண்ணிடமோ பெற்றோரிடமோ ஒருவரும் ஒரு சொல் சொல்லவில்லை. அவ்வாண்டு அக்டோபர் 27 அன்று அவள் கொல்லப்பட்டாள். ஆபத்திலிருப்பவரைக் காக்கத் தக்க நடவடிக்கை எடுப்பது சிகிச்சையாளரின் கடமை என்று 1976இல் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் வரையறுத்தது.

ஆங்கிலேய நீதிமன்றம் 'சொல்லலாம்' என்றது. கலிபோர்னியா நீதிமன்றம் செயல்படாதிருப்பதே தவறு என்றது. ஃபிரீடா நிற்பது இவ்விரண்டுக்கும் இடையில். 'மீறிவிட்டாள்' என்று சினக்கும் வாசகர், அச்சிறுவன் தம் மகனாயிருந்தால் 'ஏன் இவ்வளவு தாமதித்தாள்' என்று கேட்டிருப்பார். இரண்டையும் ஒரே வாசகர் கேட்கலாம். அதில் முரண் ஏதும் இருப்பதாக எனக்குப் படவில்லை.

இங்கே நம்மவர்கள், "சாமியாரிடம் சொன்னால் அது வெளியே போகாது" என்பார்கள். பாதி உண்மை. ஒப்புரவு அருட்சாதனத்தில் கேட்டது குருவுக்கு உரியதன்று. அதை அவர் எடுத்தாள இயலாது. 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தொகுப்பின் 983ஆம் எண் அந்த இரகசியத்தை மீறவொண்ணாதது என்கிறது. வெளியே சொல்லாமலேயே, அங்கே அறிந்ததை வைத்து ஒப்புரவு பெற்றவருக்குக் கேடாக நடப்பதையும் 984ஆம் எண் தடுக்கிறது. ஃபிரீடாவின் தயக்கத்திற்கு இங்கே இடமே இல்லை. இது பலருக்கு உறுத்தலாயிருப்பதை நான் அறிவேன். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம், சிறார்மீதான பாலியல் கொடுமையைப் பொறுத்தமட்டில் இந்த இரகசியத்திற்கும் விலக்கில்லை என்று 2019இல் சட்டம் இயற்றியது. குரு என்ற முறையில் நான் அதற்கு இசைய முடியாது. ஆனால் அச்சட்டத்தைப் பிறப்பித்த கண்ணீருக்குத் திருச்சபையின் ஆட்கள் காரணமாயிருந்தார்கள் என்பதை மறந்துவிட்டு அதைக் குறைகூறவும் எனக்கு வாய் வராது. துன்புற்ற பிள்ளையே ஒப்புரவில் அதைச் சொன்னால், "வெளியே வந்து இதை மறுபடியும் என்னிடம் சொல்வாயா?" என்று கேட்கலாம், கேட்கவேண்டும்.

மறு பாதிதான் சிக்கல். பங்கு அலுவலகத்தில் நாற்காலியில் அமர்ந்து குடும்பக் கவலையைச் சொல்வது ஒப்புரவு அன்று. அதைக் கண்டவரிடம் பேசுவது துரோகம். ஆயினும் அது அருட்சாதன முத்திரையால் மூடப்பட்டதன்று. ஒரு குழந்தைக்குக் கேடு நேர்ந்ததாக அங்கே அறிந்தால், 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி காவல்துறைக்குத் தெரிவிக்க நான் கட்டுண்டவன். சட்டம் இல்லாவிட்டாலும் மனச்சான்று கட்டும். அங்கே நானும் ஃபிரீடா அமர்ந்த நாற்காலியில்தான் அமர்ந்திருக்கிறேன். 'குருவின் இரகசியம்' என்னும் போர்வையை இழுத்து அந்த அறையிலும் போர்த்திக்கொள்வது வசதியானது. அது யாருக்கு வசதி என்று கேட்டுப்பார்த்தால் விடை நன்றாயிராது.

இவ்வரிசையில் என்னை மிகவும் வருத்திய நூல் 2014இல் வெளிவந்த 'தர்ஸ்டேஸ் சில்ட்ரன்'. பள்ளித் தோழி ஒருத்தி தன் பதின்வயது மகளை ஃபிரீடாவிடம் அழைத்துவருகிறாள். தான் வன்கொடுமைக்கு ஆளானதை அச்சிறுமி சொல்கிறாள், தாய் நம்பவில்லை. பதினாறு வயதில் அதே கொடுமைக்கு ஆளான ஃபிரீடாவையும் அன்று அவருடைய தாய் நம்பவில்லை. அந்தத் தாய் ஒரு மருத்துவர்! ஃபிரீடாவின் குளிர்ச்சி எங்கிருந்து வந்தது என்று கேட்ட வாசகர்களுக்கு விடை இந்நூலில் கிடைக்கிறது. சொன்னதெல்லாம் மெய் என்று ஏற்பதும் நம்புதலாகாது என்பதை இதே ஆசிரியர்கள் நன்கறிவார்கள். 1997இல் வெளிவந்த தங்கள் முதல் நாவலான 'த மெமரி கேம்'இல், ஒரு பெண்ணின் மனத்தில் நடவாததை நடந்ததாகப் பதியச் செய்யும் சிகிச்சையாளரைத்தான் அவர்கள் படைத்தார்கள். நம்பத் தயாராகக் கேட்கவேண்டும், விசாரிப்பதைக் கைவிடவும் கூடாது. எழுதுவது எளிது.

மேலைநாட்டுச் சிகிச்சையாளர்கள் முதற்சந்திப்பிலேயே தங்கள் இரகசியக் காப்பின் எல்லையைச் சொல்லிவிடுவது வழக்கம். நானும் சில ஆண்டுகளாக அவ்வாறே செய்கிறேன். "இது ஒப்புரவு அன்று, பிள்ளைக்கோ வேறு யாருக்கோ ஆபத்து என்று தெரிந்தால் நான் பேசாமல் இருக்கமாட்டேன்" என்று முதலில் சொல்லிவிடுகிறேன். பெரும்பாலோர் தலையசைத்துவிட்டுப் பேச்சைத் தொடர்கிறார்கள். சிலர் சற்று நேரம் மௌனமாயிருந்து, "இல்ல சாமி, சும்மா உங்களப் பாத்துட்டுப் போகலாம்னு வந்தேன்" என்று எழுந்துவிடுகிறார்கள். அவர்கள் எதைச் சொல்ல வந்தார்கள் என்பது எனக்குத் தெரியாது. ஞாயிறு திருப்பலியில் அவர்களுள் சிலரை இன்றும் காண்கிறேன். ஒரு பெண்மணியை மட்டும் அதன்பின் காணவில்லை.