எந்தத் தராசில் நிறுப்பது?

பெற்றோரைப் பிறர் பராமரிப்பில் விடுவது நம் சமுதாயத்தில் இன்னும் தாழ்ந்த குரலிலேயே பேசப்படுகிறது. மேலப்பாளையத்திலும் பேட்டையிலும் பிள்ளைகள் வளைகுடா நாடுகளுக்கும் சென்னைக்கும் பிழைக்கச் சென்றுவிட்ட வீடுகள் பல. பீடி சுற்றியும் தறி நெய்தும் மக்களை ஆளாக்கிய உம்மாவும் வாப்பாவும் அவ்வீடுகளில் தனித்திருக்கின்றனர். பக்கவாதத்தால் படுக்கையில் வீழ்ந்த ஒருவரைத் தூக்கிக் கிடத்த ஒரு மருமகளால் மட்டும் இயலாது. எனவே முதியோர் இல்லத்தையோ, மாதச் சம்பளத்திற்கு ஒரு பணியாளரையோ நாடும் நிலை வருகிறது.

இவ்வாறு விடுவது தகுமா, தகாதா என்று நாம் வழக்காடுகிறோம். ஆனால், விட்ட இடத்தில் அவர்கள் நன்றாகப் பேணப்படுகிறார்களா என்பதை எதைக் கொண்டு அறிவது என்னும் வினாவை ஏனோ எழுப்புவதில்லை. படுக்கையில் கிடப்பவருக்கு முதல் வினாவைவிட இரண்டாவதே முக்கியமானது.

இவ்வினாவை ஆழ்ந்து ஆராய்ந்தவர் அவேடிஸ் டொனபீடியன். 1919-இல் பெய்ரூட்டில் பிறந்து, பின்னர் அமெரிக்காவில் பேராசிரியராக விளங்கிய இம்மருத்துவ அறிஞர், 1966-இல் வெளியிட்ட கட்டுரையில் மருத்துவப் பணியின் தரத்தை மூன்று வழிகளில் நோக்கலாம் என்றார். கட்டடமும் கருவியும் ஆட்களும் எத்தகையவை என்பது ஒன்று. பணி எவ்வாறு செய்யப்படுகிறது என்பது மற்றொன்று. அதனால் நோயாளி அடைந்தது என்ன என்பது மூன்றாவது.

நாம் பெரும்பாலும் முதலாவதைக் கண்டே மனநிறைவு கொண்டுவிடுகிறோம். வழுவழுப்பான தரை, வெண்மையான விரிப்பு, வாசலில் பூந்தொட்டி, அலுவலக அறையில் இன்சொல் ஆகிய இவற்றைப் பார்த்தவுடன் நமக்கு ஆறுதல் பிறக்கிறது. அந்த ஆறுதலைத்தான் நாம் ஐயுற வேண்டும். பெற்றோரை விட்டுவந்த மனம் உள்ளூரக் குறுகுறுத்துக்கொண்டே இருக்கும். அது 'நல்ல இடம்தான்' என்னும் தீர்ப்பைக் கேட்கத் துடிக்கிறது. தன் வழக்குக்குத் தானே நீதிபதியாக அமர்ந்தவன் சாட்சிகளை நன்றாக விசாரிப்பதில்லை. நாம் தேடுவது அவர்களுடைய நலமா, அல்லது நம்முடைய நிம்மதியா? இவ்விரண்டையும் பிரித்தறியாதவரை நம் பார்வை பார்வையாகாது.

அப்படியானால் எதைப் பார்ப்பது? முறையிட இயலாதவரைப் பார்க்க வேண்டும். நன்றாகப் பேசுகிறவர், நடமாடுகிறவர், அடிக்கடி உறவினர் வந்து காணப்பெறுகிறவர் ஆகியோருக்குக் கிடைக்கும் கவனிப்பு ஓர் இல்லத்தின் உண்மைத் தரத்தைக் காட்டாது. நினைவு தவறியவரும், நாவு குழறியவரும், தேடி வர ஆளில்லாதவரும் கிடக்கும் கோடிக் கட்டிலே உண்மையைச் சொல்லும். அவருடைய குதிகாலிலும் இடுப்பிலும் படுக்கைப் புண் உண்டா? இரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறை புரட்டிக் கிடத்த ஆள் இருக்கின்றதா? பகற்பொழுதெல்லாம் அவர் உறங்குவது முதுமையாலா, மருந்தாலா? அவரைப் பெயர் சொல்லி அழைக்கிறார்களா, அல்லது 'ஏழாம் கட்டில்' என்கிறார்களா? தொழுகைக்கு நேரம் தவறாத ஒரு மூதாட்டிக்குக் கிப்லாவின் திசையைக் காட்டுவார் உண்டா? ஒளூச் செய்ய இயலாதபோது தயம்மும் செய்ய உதவுவார் உண்டா? அவரைக் குளிப்பாட்டுவது பெண்தானா?

எல்லாவற்றினும் எளிய சோதனை தண்ணீர். படுக்கை நனையுமே என்றஞ்சி முதியவர்களுக்குத் தண்ணீரைக் குறைத்துக் கொடுக்கும் கொடுமை உலகில் உண்டு. இல்லத்திலும் உண்டு, வீட்டிலும் உண்டு. பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடல் சேரும்வரை தாமிரபரணி நீர் தந்து காக்கும் இம்மண்ணில், ஒரு முதிய உயிர் எட்டாத குவளையைப் பார்த்தபடி நா வறண்டு கிடக்குமானால், அந்த இல்லத்தின் வெண்மையான விரிப்புக்கு என்ன பொருள்?

சட்டம் ஓரளவு துணை நிற்கிறது. பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம் 2007-இல் இயற்றப்பட்டது. மாவட்டந்தோறும் ஆதரவற்ற முதியோர் 150 பேரேனும் தங்கத்தக்க இல்லம் அமைக்கவும், இல்லங்களுக்குரிய தரங்களை வகுக்கவும் அது மாநில அரசுக்கு வழி செய்கிறது. அமெரிக்காவில் 1987-இல் வந்த சட்டமோ, பணியாளரின் வசதிக்காக முதியோரைக் கட்டிவைப்பதையும் மருந்தால் மயக்கிவைப்பதையும் விலக்கியது. இஸ்லாமிய நகரங்களில் முற்காலத்தில் முஹ்தஸிப் என்னும் அதிகாரி கடைத்தராசைச் சோதித்தது போலவே மருத்துவரையும் மேற்பார்த்தார். ஆயினும் அதிகாரி ஆண்டில் சில நாட்களே வருவார். நள்ளிரவில் எழும் முனகலுக்கு எழுந்து வந்தது யார் என்பதை அவருடைய ஏடு அறியாது.

இங்கே நீதியின் மறுபக்கமும் உண்டு. பலரை இரவெல்லாம் தனியே கவனிக்கும் ஓர் ஆயாவிடம் பெற்ற மகளின் பொறுமையை எதிர்பார்ப்பதும், அவளுக்குக் குறைந்த கூலி தரும் இடத்தையே மலிவென்று தேர்ந்தெடுப்பதும் ஒன்றோடொன்று பொருந்தா. சில முதியவர்களுக்கு ஒரு வேளை உணவு ஊட்டவே அரைமணி நேரமாகும். அந்த அரைமணிக்கு உரிய கூலியை யாராவது கொடுத்தே ஆக வேண்டும். அதை நாம் மறுத்தால் அவள் விரைந்து ஊட்டுவாள். அந்த விரைவின் துன்பம் நம் பெற்றோரையே சேரும்.

முதுமையடைந்த பெற்றோரிடம் சலிப்பின் சிறு ஒலியைக்கூட வெளியிடலாகாது என்று திருமறை தடுத்திருக்கிறது. அந்தத் தடை இல்லத்துக்கு அனுப்பியவருக்கு மட்டும் உரியதன்று. 'என் வாப்பாவை நான் எங்கும் அனுப்பவில்லை' என்று பெருமை பேசுகிறவரின் வீட்டுக் கோடியறைக்கு எந்த அதிகாரியும் வருவதில்லை. அங்கும் அதே கேள்விகளைக் கேட்க வேண்டும்: முதுகில் புண் உண்டா, குவளை எட்டுகிறதா, பெயர் சொல்லி அழைத்து எத்தனை நாளாயிற்று? வீடு என்பது இடம் மட்டுமே; பராமரிப்பு என்பது செயல்.

தரத்தை அளப்பதிலேயே வாழ்நாளைச் செலவிட்ட டொனபீடியன், 2000-இல் மறைவதற்கு முன், நோயுற்றிருந்த காலத்தில், தரத்தின் இரகசியம் இறுதியில் அன்பே என்னும் கருத்தைத் தெரிவித்தார். அளவுகோல் வேண்டாம் என்பது இதன் பொருளன்று. அன்புள்ளவனே சோர்வின்றி அளப்பான். நேரம் சொல்லாமல் சென்று பார்ப்பான். விரிப்பை விலக்கிக் குதிகாலை நோக்குவான். கடல் கடந்திருக்கும் மகனும் உறவினர் ஒருவரையாவது வாரந்தோறும் அனுப்பி இதைச் செய்யலாம். பெற்றோரைப் பேணும் வேலையில் ஒரு பகுதியைப் பிறரிடம் ஒப்படைக்கலாம். அவர்கள் பேணப்படுகிறார்களா என்று பார்க்கும் வேலையை எவரிடமும் ஒப்படைக்க இயலாது. அது பிள்ளைகளுக்கே உரிய கடமை.