ஆணியில் தொங்கும் ஹெல்மெட்

நோயில் போகிறவரிடம் விடைபெற ஒரு கட்டிலோரமாவது கிடைக்கும். பைக்கில் போனவனிடம் அதுவும் இல்லை. ‘பத்தே நிமிஷம், வந்துடறேன்’ என்று கிளம்பிய என் சித்தி மகனின் ஹெல்மெட், கதவுக்குப் பின்னால் ஆணியிலேயே தொங்கியது. கடைத்தெரு வரைக்கும்தானே என்று விட்டுப் போயிருந்தான். உள்பஞ்சில் இன்னும் தேங்காயெண்ணெய் வாசம். சித்தி அதைத் துடைக்க விடுவதில்லை.

துக்கம் கேட்க வந்தவர்கள் ‘விதி’ என்றார்கள். தோண்டிவிட்டு மூடாத பள்ளத்தில் அவன் விழுந்ததற்கு விதி என்றா பெயர்? அதைவிடக் கொடுமை, சித்தி அழுதுவிடுவாரோ என்று பயந்து ஒருவரும் அவன் பெயரையே எடுக்காதது. நானும்தான்.

சாலை விபத்தில் இறந்தோரை நினைக்க உலகுக்கே ஒரு நாள் உண்டு: நவம்பர் மூன்றாம் ஞாயிறு. 2005இல் ஐ.நா. பொதுச்சபை ஏற்றுக்கொண்டது. சென்ற ஆண்டு அன்று சித்தி வீட்டுக்குப் போய், சால்னா பற்றாமல் பரோட்டா கடைக்காரரோடு அவன் மல்லுக்கு நின்ற கதையைச் சொன்னேன். அழுதார். பிறகு, “இன்னொரு தடவை சொல்லு” என்றார்.

உங்கள் தெருவிலும் அப்படி ஒரு வீடு இருக்கும். ஒரு நடை போய் வாருங்கள்.