பாம்பும் புலியும்

சென்ற மாதம் தாம்பரத்தில் ஒரு நண்பர் வீட்டுக்குப் போயிருந்தேன். அவருடைய எட்டு வயதுப் பேத்தி ஓர் அட்டையை விரித்து, "தாத்தா, ஆட வாங்க" என்று கூப்பிட்டாள். பார்த்தால் பரமபதந்தான், ஆனால் வைகுண்டத்துக்குப் பதில் ஆரோக்கியம். "தினம் குளித்தான்" என்பது ஏணி. "கண்ட இடத்தில் துப்பினான்" என்ற கட்டத்தில் பாம்பு கடித்தால் நேரே க்ஷயரோகத்தில் இறங்க வேண்டியதுதான்.

என்னைப் பாம்பு கடித்தது. கைகொட்டிச் சிரித்த குழந்தை திடீரென்று கேட்டாள்: "எங்க பெரியப்பாவுக்கும் இதுதானே வந்தது? அவர் என்ன தப்புப் பண்ணினார்?"

நண்பர் பேப்பரை உயர்த்தி முகத்தை மறைத்துக்கொண்டார். குணமாகிப் பல வருஷமாகியும் அந்த வீட்டில் மூத்த பிள்ளைக்குத் தனித் தம்ளர்தான்.

திரும்பும்போது ரயில் சானடோரியம் நிலையத்தில் நின்றது. 1928-ல் டாக்டர் சௌரி முத்து தொடங்கிய ஆஸ்பத்திரியால் வந்த பெயர். அந்நாளில் காற்றும் வெளிச்சமும் ஓய்வுமே வைத்தியம். பிறகு மருந்து வந்தது. வீட்டிலிருந்தபடி மருந்து சாப்பிட்டாலும் சானடோரியத்தில் கிடைக்கும் அளவு குணம் கிடைக்கும் என்பதை 1959-ல் சென்னை ஆராய்ச்சி உலகத்துக்கே காட்டியது. இன்று சாதாரண க்ஷயத்துக்கு 6 மாத மருந்து போதும். நோய் பணிந்துவிட்டது, நம் மனம்தான் பணியவில்லை.

பரமபதம் பாவ புண்ணியக் கணக்கைச் சொல்லித்தர ஏற்பட்ட ஆட்டம். அந்தக் கணக்கில் நோயைக் கொண்டுபோய் வைத்தால், நோயாளி பாவியாகிவிடுகிறான். விஞ்ஞானம் அப்படிச் சொல்லவில்லை. க்ஷயக் கிருமி ஒருவர் இருமும்போது காற்றில் வருகிறது. மூச்சு விட்டதைத் தவிர மற்றவர் ஒரு குற்றமும் செய்வதில்லை. கிருமி புகுந்தவர்களிலும் பெரும்பாலோர் நோயில் விழுவதில்லை. அரைவயிற்றுச் சாப்பாடும் நீரிழிவும் விழச் செய்யலாம். பசியைப் பாவம் என்று எந்தக் கட்டத்தில் எழுதுவது?

விளையாட்டில் கற்பிப்பதை நான் குறை சொல்லவில்லை. கேட்ட பிரசங்கம் மறந்துபோகும்; ஆடின ஆட்டம் மறக்காது. அதனால்தான் எந்த ஆட்டம் என்று கவலைப்படுகிறேன்.

நம்மிடம் ஆடுபுலி ஆட்டம் இருக்கிறது. 3 புலி, 15 ஆடு. தாயம் உருட்டும் அதிர்ஷ்டம் கிடையாது. ஆட்டுக்குப் பின்னால் இடம் காலியாக இருந்தால்தான் புலி தாண்டி வெட்டலாம். அங்கே இன்னோர் ஆடு நின்றுவிட்டால் ஒன்றும் செய்ய முடியாது. மாதக்கணக்கில் மருந்து சாப்பிடுகிறவனுக்கும் இதுதான் தேவை. பாதியில் விட்டுவிடாமல் பார்த்துக்கொள்ள, வேளைக்குச் சோறு போட, பின்னால் ஒருவர் நிற்க வேண்டும்.

இதிலும் ஒரு குறை உண்டு. ஜெயிப்பதற்காகச் சில சமயம் ஓர் ஆட்டைப் பலி கொடுப்பார்கள். குழந்தைக்கு அதை மட்டும் சொல்லித்தரக் கூடாது.

அடுத்த முறை போகும்போது சாக்குக் கட்டி ஒன்று எடுத்துப் போக எண்ணியிருக்கிறேன். கூடத்தில் கோடு போட்டுவிட்டு, "பெரியப்பாவையும் கூப்பிடு, அம்மா. அவர் ஒரு தப்பும் பண்ணவில்லை" என்று சொல்ல வேண்டும். நண்பர் காதில் விழும்படி சொல்ல வேண்டும்.