புகழ் மேடையும் நீதிமன்றமும்

திறமைக்கு மட்டுமே தலைவணங்குவது விளையாட்டுலகம் என்பர். ஆயினும், களத்திற்கு வெளியே தவறிழைத்ததாகக் குற்றஞ்சாட்டப்பட்ட ஆட்டக்காரரைச் சேர்த்துக்கொள்ளக் குழுக்கள் தயங்குகின்றன. வழக்கு முடியுமுன்னரும், சில வேளைகளில் முடிந்த பின்னரும் அத்தயக்கம் நீங்குவதில்லை. இது அறமா? அச்சமா?

முதலில் ஒரு வேறுபாட்டை உணர்தல் வேண்டும். நீதிமன்றம் ஒருவரின் உரிமையைப் பறிக்க வல்லது. ஆகவே, ஐயத்திற்கு இடமின்றிக் குற்றம் மெய்ப்பிக்கப்பட வேண்டும் என்று கோருகிறது. குழுவோ பெருமையை வழங்குவது. தன் சின்னம் பொறித்த உடையை அணிவிக்கும்போது, ‘இவர் எம்மவர்’ என்று ஊரறிய உரைக்கிறது. கைதட்டும் சிறுவர்கள் ஆட்டத்தை மட்டுமன்றி ஆடுபவரையும் பின்பற்றுகின்றனர். எனவே, பெருமை வழங்குவோர் ஆராய்ந்து வழங்குதல் கடமையே. ஆளைத் தேர்ந்து நம்புதற்கு வள்ளுவர் ‘தெரிந்து தெளிதல்’ என ஓர் அதிகாரமே வகுத்தார்.

ஆனால், குழுக்கள் உண்மையில் ஆராய்கின்றனவா? அமெரிக்கக் காற்பந்தில் நிகழ்ந்ததை நோக்குக. பால்டிமோர் ரேவன்ஸ் குழுவின் ரே ரைஸ், தமக்கு மனைவியாகவிருந்த பெண்ணைத் தாக்கியதாக 2014 பிப்ரவரியில் கைதானார். ஜூலையில் அவருக்கு விதிக்கப்பட்ட தடை இரண்டே ஆட்டங்கள். செப்டம்பர் 8ஆம் நாள், மின்தூக்கிக்குள் அவர் அடித்த காட்சி வெளியானது. அன்றே குழு அவரை நீக்கியது. செயல் மாறவில்லை, அதைக் கண்டோரின் எண்ணிக்கையே மாறியது. காலவரையற்றதாக நீட்டிக்கப்பட்ட தடை நவம்பரில் நடுவர் தீர்ப்பால் நீங்கியும், எக்குழுவும் அவரை ஏற்கவில்லை.

அதே காலத்தில், பெண்ணைத் தாக்கிய வழக்கில் கிரெக் ஹார்டி என்பவரை 2014 ஜூலையில் நீதிபதி குற்றவாளி என்றார். மேல்முறையீட்டில், சாட்சி வராமையால், 2015 பிப்ரவரியில் வழக்குக் கைவிடப்பட்டது. மறுமாதமே டல்லஸ் கௌபாய்ஸ் அவரை ஒப்பந்தம் செய்தது. ரைஸின் ஆட்டம் 2013இலேயே சரிந்திருந்தது. ஹார்டியோ ஆற்றலின் உச்சியில் இருந்தார். அறத்தின் தராசில் ஆட்டத்திறனும் எடைக்கல் ஆயிற்றோ என ஐயுறாமல் இருக்க இயலுமா?

மறுபக்கமும் உண்டு. வேல்ஸ் நாட்டுக் காற்பந்து வீரர் செட் எவன்ஸ், பாலியல் வன்கொடுமைக் குற்றத்திற்காக 2012இல் ஐந்தாண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். 2014இல் வெளிவந்த அவரைப் பயிற்சிக்கு அழைத்த ஷெஃபீல்டு யுனைடெட், மக்கள் எதிர்ப்பால் அழைப்பை மீட்டுக்கொண்டது. 2016இல் மறுவிசாரணை அவரைக் குற்றமற்றவர் என விடுவித்தது. நீதிமன்றமே தன் தீர்ப்பைத் திருத்திக்கொள்ளும் எனில், கூட்டத்தின் குரல் எங்ஙனம் இறுதித் தீர்ப்பாகும்?

இதனால், குழுக்கள் வாளாவிருத்தல் வேண்டும் என்பது பொருளன்று. துன்புற்றதாக முறையிடும் பெண்ணின் சொல், கைதட்டல் ஒலியில் அமிழ்ந்துவிடலாகாது. அதே வேளை, விளையாட்டாளரின் தொழில்வாழ்வு சில ஆண்டுகளே ஆதலின், விலக்குதல் அவருக்குத் தண்டனைக்கு நிகரே. இருதரப்பையும் கேட்டல், முடிவின் காரணத்தை வெளிப்படக் கூறல், புதிய உண்மை தெரிந்தால் முடிவை மாற்றல் ஆகிய மூன்றும் இன்றியமையாதன.

பள்ளிக் குழுவுக்கு மாணவரைத் தேரும் ஆசிரியருக்கும் இவ்வினா உரியதே. கோலடிக்கும் மாணவனுக்கு ஒரு நீதி, ஓரத்தில் அமர்ந்திருப்பவனுக்கு ஒரு நீதி என்றால், அங்கே ஒழுக்கம் கற்பிக்கப்படவில்லை; வெற்றியே கற்பிக்கப்படுகிறது. வல்லவரையும் எளியவரையும் ஒரே கோலால் அளக்கும்போதுதான் குழுவின் தயக்கம் அறமாகும். அதுவரை அது வெறும் வணிகமே.