பக்கத்து பெஞ்சின் திருத்தம்

பி.எட். படிக்க வருகிறவர்களுக்கு ஆரம்பத்திலேயே ஒரு கணக்கு மனப்பாடமாகிவிடும். கற்பிக்க 6 நிமிடம், பின்னூட்டம் கேட்க 6, பாடக் குறிப்பைத் திருத்தி எழுத 12, மறுபடி கற்பிக்க 6, மறுபடி பின்னூட்டம் 6. ஆக மொத்தம் 36 நிமிடம். நுண்நிலைக் கற்பித்தலுக்கு என்.சி.இ.ஆர்.டி. வகுத்துக் கொடுத்த இந்திய வடிவம் இது. கூடப் படிக்கிற ஐந்தாறு பேர் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளாக நடித்து பெஞ்சில் உட்காருவார்கள். ஒருத்தி கரும்பலகைப் பக்கம் நின்று கிளர்வினா கேட்கும் திறனையோ வலுவூட்டும் திறனையோ செய்துகாட்டுவாள். இன்னொருத்தி கையில் கடிகாரமும் மதிப்பீட்டுத் தாளும் இருக்கும்.

இதில் உயிரான பகுதி பின்னூட்டத்துக்கான அந்த 6 நிமிடம்தான். ஆனால் பெரும்பாலான வகுப்பறைகளில் அது அரை நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. "நல்லா பண்ணீங்கக்கா. வாய்ஸ் தெளிவா இருந்துச்சு. போர்டு ஒர்க் சூப்பர்." அவ்வளவுதான். சொல்கிறவளுக்கு அடுத்த முறை வரப்போகிறது. அப்போது இதே அக்கா தாளும் கையுமாக உட்கார்ந்திருப்பாள். தோழியை நாலு பேர் முன்னால் சங்கடப்படுத்த யாருக்கும் மனம் வருவதில்லை. அந்த நல்ல மனதைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் வகுப்பில் நிற்கப்போகிற ஒருத்திக்கு அது எதையும் கற்றுத்தருவதில்லை.

ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று பாலாற்றுப் பக்கமாக நீளும் தோல் தொழில் ஊர்களிலிருந்து இந்தப் படிப்புக்கு வருகிற பெண்கள் பலருக்கு அம்மாவோ சித்தியோ அண்ணியோ ஷூ கம்பெனியில் இருப்பார். அந்தக் கம்பெனியின் செக்கிங் டேபிளில் 'நன்றாக இருக்கிறது' என்று பொதுவாகச் சொல்லி அனுப்ப முடியாது. தையல் நூலிழை விலகிய இடத்தில் ஒரு சின்ன அம்புக்குறி ஸ்டிக்கரை ஒட்டி, அந்த ஜோடியைத் திருப்பி அனுப்புவார்கள். தைத்தவருக்கு எந்த இடம், என்ன குறை என்று பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடும். தோழி எடுத்த பாடத்துக்குச் சொல்கிற கருத்திலும் இப்படி ஓர் அம்புக்குறி வேண்டும். "மூணாவது கேள்வி கேட்டீங்களே, அதுக்குப் பதில் வர்றதுக்குள்ள நீங்களே பதிலைச் சொல்லிட்டீங்க" என்று ஒருத்தி சொன்னால், அடுத்த 12 நிமிடத்தில் திருத்தி எழுத ஏதோ ஒன்று கையில் இருக்கும்.

நுண்நிலைக் கற்பித்தல் 1963இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில், டுவைட் ஆலனும் அவரது குழுவினரும் உருவாக்கியது. அதற்கு வலு கொடுத்த கருவி, அன்று புதிதாக வந்திருந்த வீடியோ பதிவு. பாடம் எடுத்தவர் தன்னையே திரையில் பார்த்துவிட்டு மறுபடி எடுப்பார். நம் ஊர் வகுப்புகளுக்கு அந்த முறை வந்து சேர்ந்தபோது கருவி வரவில்லை. கடிகாரமும் தாளும் மட்டும் வந்தன. இன்று ஒவ்வொருத்தியின் பையிலும் கேமராவோடு ஒரு கைப்பேசி இருக்கிறது. ஆனால் அதை பெஞ்சின் மேல் சாய்த்துவைத்து 6 நிமிடத்தைப் பதிவு செய்துபார்க்கும் வழக்கம் இன்னும் வேர்பிடிக்கவில்லை. பாடக் குறிப்பை சாட்ஜிபிடியிடம் எழுதி வாங்குகிற வழக்கம் மட்டும் சீக்கிரமே வந்துவிட்டது.

சக மாணவர் கருத்து என்றால் பி.எட். வகுப்பின் சடங்கு என்று நினைத்து வருகிறவர், பள்ளிக்குள் நுழைந்ததும் அது எங்கும் ஓடிக்கொண்டிருப்பதைக் காண்பார். நியூசிலாந்தின் கல்வி ஆய்வாளர் கிரஹாம் நட்ஹால், பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் சின்ன மைக்ரோஃபோன் மாட்டி, வகுப்பு நடக்கும்போது அவர்களுக்குள் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று பல ஆண்டுகள் பதிவு செய்தார். அவர் மறைவுக்குப் பின் 2007இல் வெளிவந்த நூலில் அந்த வாழ்நாள் வேலையின் சாரம் இருக்கிறது. ஒரு பிள்ளை தன் வேலையைப் பற்றிக் கேட்கும் கருத்தில் பெரும்பகுதி பக்கத்துப் பிள்ளையிடமிருந்து வருகிறது, அதில் பெரும்பகுதி தவறாகவும் இருக்கிறது என்று அவர் கண்டார். ஆசிரியரின் காதுக்கு அது எட்டுவதேயில்லை.

அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டச் சொல்லிவிட்டு வரிசைகளுக்கு நடுவே நடந்து பார்த்தால் இது புரியும். "ஏய், ஈஸிடி. மேல இருக்கிறத மேல கூட்டு, கீழ இருக்கிறத கீழ கூட்டு." இரண்டு நொடியில் ஐந்தில் இரண்டு என்று நோட்டில் விழுந்துவிடும். சொன்னவள் வகுப்பில் கெட்டிக்காரி என்று பெயர் வாங்கியவளாக இருந்தால் நாலு நோட்டுகளில் விழும். அரையோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தால் அரையைவிடக் குறைந்து போகுமா என்று யாரும் கேட்பதில்லை. ஆசிரியை கரும்பலகையில் மீச்சிறு பொது மடங்கை அழகாக எழுதிக்கொண்டிருப்பார்.

பிள்ளைகள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுப்பதை ஒரு முறையாகவே வளர்த்த மண் இது. திண்ணைப் பள்ளியில் சட்டாம்பிள்ளை இல்லாமல் எதுவும் நடக்காது. பெரியவன் சின்னவனுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுப்பான், மணலில் விரலால் எழுதவைப்பான். 1789இல் எழும்பூரில் ராணுவ அனாதைச் சிறுவர் இல்லத்தின் பொறுப்பை ஏற்ற ஸ்காட்லாந்துக்காரர் ஆண்ட்ரூ பெல், அன்றைய ஆங்கிலேயர் 'மலபார் பள்ளி' என்று குறித்த நம் பள்ளி ஒன்றில் பிள்ளைகள் மணலில் எழுதுவதைக் கண்டார். தன் இல்லத்து ஆசிரியர்களிடம் அதைச் செய்யச் சொன்னபோது அவர்கள் இணங்கவில்லை. ஜான் ஃபிரிஸ்கென் என்ற எட்டு வயதுப் பையனைக் கூப்பிட்டுச் சின்னவர்களை ஒப்படைத்தார். அவன் செய்துகாட்டினான். 1797இல் லண்டனில் பெல் வெளியிட்ட சிறு நூலால் அது 'மெட்ராஸ் முறை' என்று பெயர் பெற்று இங்கிலாந்து முழுக்கப் பரவியது. பெல் பிறந்த செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் இன்றும் 'மெட்ராஸ் காலேஜ்' என்ற பெயரில் ஒரு பள்ளி இருக்கிறது.

இங்கிலாந்துக்குப் போனதும் அந்த முறை வேறாகிவிட்டது என்பதையும் சொல்ல வேண்டும். ஜோசப் லங்காஸ்டர் என்ற போட்டியாளரும் சேர்ந்துகொள்ள, ஓர் ஆசிரியர், நூற்றுக்கணக்கான பிள்ளைகள், நடுவில் வரிசை வரிசையாகச் சட்டாம்பிள்ளைகள் என்று மலிவான ஏற்பாடாக அது முடிந்தது. ஒப்பிக்கவைப்பதும் மேற்பார்வை பார்ப்பதும்தான் மிஞ்சின. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலேயே பயிற்சி பெற்ற ஆசிரியர்களை நோக்கி இங்கிலாந்து திரும்பிவிட்டது. சட்டாம்பிள்ளையிடம் அதிகாரத்தை மட்டும் கொடுத்து, அவன் சொல்வது சரியா என்று யாரும் கேட்காமல் போனால் இதுதான் நடக்கும்.

இருநூறு ஆண்டு கழித்து அதே யோசனை வேறு வேடத்தில் தமிழ்நாட்டுக்குத் திரும்பியது. அதன் ஒரு வேர் இந்த வட்டாரத்தில் இருக்கிறது. 1990களில் வேலூர் மாவட்டத்தில் பீடி சுற்றும் வேலையில் கொத்தடிமையாகக் கிடந்த பிள்ளைகளை மீட்டு, அவர்களுக்கென்று சிறப்புப் பள்ளிகள் நடத்தினார்கள். பத்து வயதில் முதன்முதலாக எழுத்தைப் பார்க்கிறவனை ஒன்றாம் வகுப்பில் உட்காரவைத்தால் மறுநாள் வரமாட்டான். அவனவன் இருக்கும் இடத்திலிருந்து அவனவன் வேகத்தில் போக ஒரு வழி வேண்டியிருந்தது. அப்போது வேலூர் ஆட்சியராக இருந்த எம்.பி. விஜயகுமார், பின்னால் சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்தபோது 2003இல் 13 மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றலைத் தொடங்கினார். மதனப்பள்ளிக்கு அருகில் ரிஷிவேலியில் பத்மநாப ராவும் ரமாவும் கிராமப் பள்ளிகளுக்காக உருவாக்கிய அட்டை முறைதான் அதற்கு முன்மாதிரி. ஆம்பூரிலிருந்து ஆந்திர எல்லையைத் தாண்டி வடக்கே போனால் மதனப்பள்ளி அப்படியொன்றும் தூரமில்லை. 2007-08இல் அது மாநிலம் முழுக்கத் தொடக்கப் பள்ளிகளுக்குப் போயிற்று.

இன்று பி.எட். படிப்பவர்களில் பலர் அந்த வகுப்பறையில் பாயில் உட்கார்ந்து படித்த பிள்ளைகளே. கற்றல் ஏணி, முயல் யானை படம் போட்ட அட்டைகள், சுவரின் அடியில் ஒவ்வொருவருக்கும் ஒரு கீழ்மட்டக் கரும்பலகை, தலைக்கு மேலே பிள்ளைகளின் படங்களும் தாள்களும் தொங்கும் கம்பிப் பந்தல் எல்லாம் அவர்களுக்கு நினைவிருக்கும். பிள்ளைகள் ஆறு குழுக்களாகப் பிரிந்து உட்காருவார்கள். ஆசிரியர் முழுதாகத் துணைநிற்பது ஒரு குழுவுக்கு மட்டும். சக மாணவர் துணையில் இயங்கவென்றே தனிக் குழுக்கள் இருந்தன. ஆசிரியரும் தரையில்தான் உட்கார வேண்டும். தரையில் உட்கார்ந்தால்தான் பிள்ளைகள் பேசுவது காதில் விழும். அந்த முறையின் தலைசிறந்த கண்டுபிடிப்பு ஏணியோ அட்டையோ இல்லை, இந்த உயர மாற்றம்தான் என்று தோன்றுகிறது. ஒரே ஆசிரியர் நாற்பது ஐம்பது பேரைப் பார்த்துக்கொண்ட இடங்களில் அது தள்ளாடியது, அட்டைகள் தொலைந்தன, ஏணியில் ஏறியதாகக் குறித்துவிட்டு ஏறாமலே போன பிள்ளைகளும் உண்டு. 2022 ஜூன் முதல் அந்த இடத்தில் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் நடக்கிறது. அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துக் கற்பிக்கும் அடிப்படை மாறவில்லை.

ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் பயிற்சிக்குப் போகிறவருக்கு இன்னொரு சங்கதியும் காத்திருக்கும். வீட்டில் உருது பேசும் பிள்ளைகள் வகுப்பில் பாதிக்கு மேல் இருக்கலாம். தமிழ் கற்றல் சட்டம் 2006இல் வந்தது. 2006-07இல் ஒன்றாம் வகுப்பில் தொடங்கி ஆண்டுக்கு ஒரு வகுப்பாக ஏறி 2015-16இல் பத்தாம் வகுப்பை எட்டியது. அதனால் உருது வழிப் பள்ளிகளிலும் தமிழ் உண்டு. ஆசிரியை தமிழில் ஒரு வாக்கியம் சொல்வார். முன் பெஞ்சுப் பையன் திரும்பி உருதுவில் பின் பெஞ்சுக்குச் சொல்வான். அங்கிருந்து "நக்கோ, நக்கோ" என்று ஒரு மறுப்பு வரும். பாடம் நடப்பது அந்த மறுப்புக்கு அப்புறம்தான். உருது தெரியாத பயிற்சி ஆசிரியை அதைச் சத்தம் என்று எடுத்துக்கொண்டு மேசையைத் தட்டினால், வகுப்பில் நடந்துகொண்டிருந்த ஒரே கற்றலையும் நிறுத்திவிடுகிறார். "அவன் இப்ப என்ன சொன்னான்? தமிழ்ல சொல்லு பார்ப்போம்" என்று கேட்டால், சொன்னவன் தன் விளக்கத்தைத் தானே ஒருமுறை சரிபார்த்துக்கொள்வான்.

பிள்ளைகளுக்குத் தெரிந்து ஆசிரியருக்குத் தெரியாத கணக்கும் இங்கே இருக்கிறது. தோல் வணிகத்தில் பரப்பைச் சதுர அடியில் அளந்து, கால் பங்குகளைச் சின்ன எண்ணாக மேலே எழுதுவது பழைய வழக்கம். 12க்கு மேலே சின்ன 2 இருந்தால் பன்னிரண்டரைச் சதுர அடி. சின்ன 3 என்றால் பன்னிரண்டே முக்கால். கணக்குப் புத்தகத்தில் அதே 12² நூற்று நாற்பத்து நான்கு. தோல் ஷாப்பில் அப்பாவோடு நின்று பார்த்த பிள்ளை ஒன்று எழுந்து இதைச் சொன்னால், பின்னத்துக்கும் அடுக்குக்கும் ஒரே நாளில் வழி திறந்துவிடும். அதைச் சொல்ல அந்தப் பிள்ளைக்கு வகுப்பில் நேரம் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

தொழில்நுட்பத்துக்கு இங்கே குறையில்லை. 2018 முதல் புதிய பாடநூல்களில் கியூஆர் குறியீடு இருக்கிறது; 2019இல் கல்வித் தொலைக்காட்சி வந்தது; ஹைடெக் லேப் வந்தது; ஸ்மார்ட் வகுப்பறைகள் வருகின்றன. கொரோனா காலத்தில் இவற்றின் எல்லை தெரிந்தது. வீட்டில் இருந்த ஒரே கைப்பேசி அம்மாவோடு ஷிஃப்டுக்குப் போய்விடும். பிள்ளைக்கு அது கிடைப்பது இருட்டிய பிறகுதான். 2021 அக்டோபரில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வி, தெருவில் மாலை வேளையில் ஒரு தன்னார்வலரையும் இருபது பிள்ளைகளையும் பாயில் உட்காரவைத்தபோதுதான் பலருக்கு எழுத்து திரும்பி வந்தது. அந்தத் தன்னார்வலர்களில் பி.எட். முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருந்த பெண்கள் நிறைய. மாநிலம் முழுக்க ஏறக்குறைய 2 லட்சம் பேர் வந்தார்கள்.

திரையில் வரும் வினாடி வினா, சரி தவறு என்று உடனே சொல்லிவிடுகிறது. ஐந்தில் இரண்டு என்று தட்டினால் சிவப்பு விழும். ஏன் அப்படித் தட்டினாய் என்று அது கேட்காது. அதைவிட, ஆசிரியர் கையில் இருக்கும் செயலிகள் மேலே தகவல் அனுப்பவே அவரது நேரத்தைத் தின்கின்றன. ஆசிரியர் சங்கங்கள் இதைப் பலமுறை முறையிட்டிருக்கின்றன. பதிவேற்றம் முடிந்ததா என்று பார்க்கும் கண், பிள்ளையின் நோட்டைப் பார்க்க மறந்துபோகிறது.

இதே கைப்பேசியை வேறு மாதிரியும் பயன்படுத்தலாம். இரண்டாண்டு பி.எட். படிப்பில் பள்ளி அனுபவம் மொத்தம் 20 வாரம். அதற்கு ரெக்கார்டு நோட்டுகள் எத்தனையோ உண்டு: பாடக் குறிப்பு, உற்றுநோக்கல், வினாத்தாள், அடைவுத் தேர்வு என்று அடுக்கிக்கொண்டே போகலாம். அவற்றோடு ஒரு நோட்டு சேர்ந்தால் போதும். தலைமை ஆசிரியரிடம் அனுமதி வாங்கி, குழுவாக உட்கார்ந்திருக்கும் நாலு பிள்ளைகள் நடுவே கைப்பேசியை வைத்து, அவர்கள் பேசுவதை ஐந்து நிமிடம் ஒலிப்பதிவு செய்ய வேண்டும். ராத்திரி அதைக் கேட்டு, சொன்னது சொன்னபடி எழுதி, யார் யாருக்கு என்ன சொல்லிக்கொடுத்தார்கள், அதில் எது தவறு என்று ஓரத்தில் குறிக்க வேண்டும். எழுதி முடித்ததும் பதிவை அழித்துவிடலாம். மறுநாள் காலையில் அந்த ஒரு தவறை மட்டும் எடுத்துக்கொண்டு பாடம் நடத்த வேண்டும். நோட்டை மேற்பார்வையாளருக்கு முன்னால் முதலில் பார்க்க வேண்டியவர், அதே பள்ளியில் பயிற்சிக்கு வந்திருக்கும் இன்னொரு பி.எட். மாணவி. அவருடைய வேலை, இவர் கேட்காமல் விட்ட ஓர் இடத்தைக் கண்டுபிடித்து அங்கே பேனாவால் ஓர் அம்புக்குறி போடுவது.