ஆட்டம் இல்லாத ஊருக்குப் பயணம்

ஆண்டுதோறும் பிப்ரவரி 6-ஆம் நாள், இங்கிலாந்தின் மான்செஸ்டர் யுனைடெட் கால்பந்துக் குழுவின் அன்பர்கள் பலர் கூட்டமாக ஜெர்மனியின் மியூனிக் நகருக்குச் செல்கின்றனர். அவர்கள் ஆட்டம் காணச் செல்வதில்லை. 'மான்செஸ்டர் சதுக்கம்' எனப் பெயரிடப்பட்ட ஓரிடத்தில் குளிரில் கூடிநின்று, மலர் வைத்துத் திரும்புகின்றனர்.

1958-இல் அந்நாளில், பெல்கிரேடில் ஆடித் திரும்பிய அக்குழுவின் விமானம், பனிச்சேறு படிந்த மியூனிக் ஓடுபாதையில் மூன்றாம் முறை மேலெழ முயன்று நொறுங்கியது. எட்டு வீரர்கள் உட்பட 23 பேர் மாண்டனர். டங்கன் எட்வர்ட்ஸ் பதினைந்து நாள்கள் மருத்துவமனையில் போராடி இறந்தார். அவருக்கு வயது 21.

இன்று அங்கு நிற்போரில் பெரும்பாலோர் அன்று பிறந்திராதவர்கள். தாம் காணாத காலத்திற்காக ஒருவர் ஏங்க இயலுமா? அந்த ஏக்கம் நல்லதுதானா?

பழைய ஆடுகளங்களைத் தேடிச் செல்லும்போது நாம் பெரும்பாலும் தேடுவது நமது இளமையையே. அதில் குற்றமில்லை. ஆனால், "அன்று ஆடியதே ஆட்டம்" என்று சொல்லத் தொடங்கினால், இன்று ஆடும் இளைஞனையும் அருகில் அமர்ந்திருக்கும் மகனையும் நாம் காணாமற் போகிறோம். 1688-இல் ஸ்விட்சர்லாந்து மருத்துவர் யோகான்னஸ் ஹோஃபர் ஊர்நினைவு ஏக்கத்தை ஒரு நோயாகவே கருதிப் பெயரிட்டார்.

மியூனிக் செல்வோர் நினைப்பது தம் இளமையையன்று, முற்றுப்பெறாது போன பிறர் இளமையை. எனினும் அங்கும் ஓர் ஆபத்து உண்டு. "எங்கள் துயரம்" என்ற சொல், மற்றக் குழுவினரை அயலாராக்கும் கொடியாக மாறிவிடக்கூடும்.

அதைத் தடுக்கும் உண்மை ஒன்று அந்நகரிலேயே இருக்கிறது. போர் முடிந்து 13 ஆண்டுகளே ஆகியிருந்தன. இங்கிலாந்தின் குண்டுகள் விழுந்த அந்த நகரில், ஜெர்மானிய மருத்துவர்களும் செவிலியரும் ஆங்கிலேய வீரர்களின் உயிருக்காக இரவும் பகலும் உழைத்தனர். அவர்கள் காப்பாற்றிய பயிற்சியாளர் மாட் பஸ்பி, 1968-இல் தம் குழுவோடு ஐரோப்பியக் கோப்பையை வென்றார். பகைவர் எனக் கருதப்பட்டோரின் கைகள் இல்லையேல் அந்த வெற்றி ஏது?

எனவே, நினைவைத் தேடிச் செல்லும் பயணம் எதுவாயினும் நாம் நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. கடந்த காலம் நம் உடைமை என்று சொல்லித் திரும்புகிறோமா, அல்லது அதற்கு நாம் கடன்பட்டவர்கள் என்று உணர்ந்து திரும்புகிறோமா? கடனை உணர்ந்தவர், தம் ஊரில் உள்ள அயலாரையும் வேறு கண்கொண்டு பார்ப்பார்.