எங்கே தங்குவது?

நம் பங்கைச் சேர்ந்த ஆசிரியர் ஒருவர் பணி ஓய்வு பெற்றுக் கோவில்பட்டியில் வாழ்கிறார். அவருடைய மகனுக்கு நைரோபியில் வேலை. பெற்றோரைக் கென்யாவின் மசாய் மாரா காப்பகத்துக்கு அழைத்துச் சென்று வனவிலங்குகளைக் காட்ட வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. தங்குமிடங்கள் மூன்றின் விவரத்தை எழுதி அனுப்பி, "அப்பா, எதுல தங்கலாம்னு நீங்களே சொல்லுங்க" என்று கேட்டிருந்தார். முதலாவது, காப்பகத்தின் உள்ளே, ஆற்றங்கரை விடுதி. இரண்டாவது, நுழைவாயிலுக்கு வெளியே நெருக்கமாக எழுந்துள்ள மலிவான விடுதிகளுள் ஒன்று. மூன்றாவது, காப்பகத்தை அடுத்து, மசாய் குடும்பங்கள் குத்தகைக்கு விட்டுள்ள நிலத்தில் சில கூடாரங்கள் மட்டுமே கொண்ட முகாம். வாடகை மிக அதிகம்.

ஞாயிறு திருப்பலி முடிந்ததும் ஆசிரியர் அந்தத் தாளை நம்மிடம் காட்டிச் சிரித்தார். "சிங்கத்தைப் பாக்கப் போறதுக்கு இவ்வளவு யோசனையா?" என்றார். யோசிக்கத்தான் வேண்டும் என்று நமக்குத் தோன்றியது. எங்கே தங்குவது என்பதை நாம் வசதியையும் பணத்தையும் சார்ந்த கேள்வியாகவே எண்ணிப் பழகிவிட்டோம். ஆனால் அடுத்தவர் வீட்டில் எந்த இடத்தில் பாய் விரிப்பது என்பது வசதியைப் பற்றிய கேள்வி மட்டும்தானா?

இதற்கு நாம் ஆப்பிரிக்கா வரை போக வேண்டியதில்லை. நீலகிரிக்கு வடக்கே, முதுமலையை ஒட்டியுள்ள சீகூர் பீடபூமியைப் பார்ப்போம். மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் கிழக்குத் தொடர்ச்சி மலைக்கும் இடையே யானைகள் காலங்காலமாகப் போய்வரும் வழி அது. யானையைக் காண வந்தவர்களுக்காக மசினகுடியைச் சுற்றி விடுதிகள் பெருகின. அறையின் சன்னலிலிருந்தே யானையைப் பார்க்க வேண்டும் என்று விருந்தினர் விரும்பினர். அதற்கேற்ப, யானை நடக்கும் வழியிலேயே சுவரும் மின்வேலியும் எழுந்தன. 2010இல் தமிழக அரசு அந்நிலத்தை யானை வழித்தடமாக அறிவித்தது. 2011இல் சென்னை உயர் நீதிமன்றமும், 2020 அக்டோபர் 14இல் உச்ச நீதிமன்றமும் அதனை உறுதி செய்தன. அடுத்த சில மாதங்களில், 2021 சனவரியில், மசினகுடியில் ஒரு விடுதியருகே வந்த ஆண் யானையின்மீது எரியும் பொருளை வீசினார்கள். காது வெந்த அந்த யானை பின்னர் இறந்தது. யானையைக் காட்டுவதற்கென்று எழுந்த ஊரில், யானை வந்ததே குற்றமாயிற்று! நெருப்பை வீசிய கைகள் சிலருடையவை. ஆனால் 'இன்னும் அருகில், இன்னும் அருகில்' என்று கேட்டுக் காசு கொடுத்த நமக்கு அதில் பங்கே இல்லை என்று சொல்லிவிட முடியுமா?

ஆகவே முதல் கேள்வி: நாம் தங்கும் இடம் யாருடைய வழியில் இருக்கிறது? சிங்கம் இரை தேடும் இரவையும், மனிதன் உழைக்கும் பகலையும் திருப்பாடல் 104 அழகாகப் பிரித்துக் காட்டுகிறது. விலங்கின் இரவுக்குள் விளக்கோடும் இசையோடும் நுழையும் விடுதி அந்தப் பங்கீட்டை மீறுகிறது.

இரண்டாம் கேள்வி: யாருடைய தண்ணீரைக் குடிக்கிறோம்? கரிசல்காட்டு மக்களாகிய நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தாமிரபரணித் தண்ணீர் சீவலப்பேரியிலிருந்து குழாய் வழியே வந்து சேரும் ஊர் நம்முடையது. குடங்களை வரிசையில் வைத்துக் காத்திருந்தவர்கள் நாம். வறண்ட நிலத்தின் நடுவே நீச்சல்குளம் கட்டிய விடுதியைக் கண்டால், எந்த ஊரின் குடம் காலியாயிற்று என்று கேட்கும் உரிமையும் கடமையும் நமக்கு உண்டு.

மூன்றாம் கேள்வியே மிகக் கடினமானது: இழப்பைத் தாங்குபவருக்கு வருவாய் போய்ச் சேருகிறதா? நம் பக்கத்து மானாவாரி விவசாயிக்குக் காட்டுப்பன்றியும் மானும் வேடிக்கைப் பொருள்கள் அல்ல. மக்காச்சோளத்தையும் பாசிப்பயறையும் ஓர் இரவில் அழித்துவிட்டுப் போகும் விருந்தாளிகள். மசாய் மக்களுக்கும் சிங்கம் அப்படித்தான். அது மாட்டுப்பட்டிக்குள் பாயும் விலங்கு. 1959இல் தான்சானியாவின் செரெங்கெட்டி தேசியப் பூங்காவிலிருந்து அம்மக்கள் வெளியேற்றப்பட்டனர். விலங்குக்கு இடம் கொடுப்பதற்காக ஏழையின் இடம் பறிக்கப்பட்டது. மாராவை அடுத்த நிலங்களில் 2005ஆம் ஆண்டையொட்டித் தொடங்கிய குத்தகை முறை வேறு வழியை முயன்று பார்க்கிறது. நிலம் மசாய் குடும்பங்களுடையதாகவே இருக்கிறது. குத்தகைப் பணம் அவர்களுக்குச் சேருகிறது. கூடாரங்களின் எண்ணிக்கைக்கும் வரம்பு உண்டு. குறைகளே இல்லாத ஏற்பாடு என்று சொல்ல மாட்டோம். ஆயினும் விலங்கோடு வாழும் அயலாரை மறந்துவிடாத ஏற்பாடு அது.

இங்கே ஒரு மறுப்பு எழும். "மனச்சான்றுக்கும் விலைச்சீட்டு ஒட்டிவிட்டீர்களே! பணக்காரர் மட்டுமே நல்லவராகத் தங்க முடியும் என்கிறீர்களா?" நியாயமான மறுப்புதான். நான்கு இரவுக்குச் சேர்த்த பணத்தில் இரண்டே இரவு தங்கலாம் என்பதைத் தவிர, இதற்கு நம்மிடம் முழுமையான விடை இல்லை. குறைவாகப் பார்த்துத் திரும்புவதும் ஒரு நோன்புதான். வழித்தடத்தை விட்டு விலகி ஊருக்குள் எளிய அறையொன்றில் தங்கி, பகலில் மட்டும் போய்வருவதும் எளியோருக்கு ஏற்ற வழியே. இங்கே வல்லநாட்டு வெளிமான்களைக் காண்பவர் காலையில் போய்ப் பொழுது சாயுமுன் வீடு திரும்பலாம். அதனால் அவர் கண்டது குறைந்துவிடுமா?

"போகாமலே இருந்துவிட்டால் பாவமே இல்லையே" என்பாரும் உண்டு. அதுவும் அத்தனை தூய்மையான முடிவன்று. வருவார் இல்லையென்றால் குத்தகையும் இல்லை. குத்தகை இல்லாத நிலத்தில் ஏரும் வேலியும் வரும். விலகி நிற்பதாலேயே கை சுத்தமாகிவிடாது.

விருந்தோம்பலின் இலக்கணத்தை நெல்லைச் சீமையின் கூந்தன்குளத்தில் கற்கலாம். அங்கே மனிதர் பறவையிடம் போய்த் தங்குவதில்லை. பறவைகள் மனிதரிடம் வந்து தங்குகின்றன. மஞ்சள் மூக்கு நாரைகள் ஊர் நடுவே வீட்டு மரங்களில் கூடு கட்டுகின்றன. எச்சமும் நாற்றமும் இரைச்சலும் பல மாதங்கள் நீடிக்கும். ஊரார் அவற்றை விரட்டுவதில்லை. எச்சத்தை வயலுக்கு உரமாக்கிக் கொள்கிறார்கள். 1994இல் அரசு அதைப் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கும் முன்பே, அந்த ஊர் சரணாலயமாகத்தான் இருந்தது. விருந்தினருக்காகத் தன் வசதியைக் குறைத்துக் கொள்பவர் நல்ல விருந்தளிப்பவர் என்றால், விருந்தளிப்பவருக்காகத் தன் வசதியைக் குறைத்துக் கொள்பவர்தானே நல்ல விருந்தினர்?

அடுத்த ஞாயிறு ஆசிரியரைக் கண்டோம். "மூணாவது இடத்துலயே ரெண்டு ராத்திரி போதும்னு எழுதிட்டேன்" என்றார். சிறிது நேரம் கழித்து, "சிங்கம் கண்ணுல படாமப் போனாலும் போகட்டும். அது வீட்ல அது இருக்குதுன்னு தெரிஞ்சா போதாதா?" என்றும் சொன்னார். அன்று பிரசங்கத்தில் கேட்டதைவிட அந்தச் சொல் நம்மோடு நெடுநேரம் தங்கியது.